மருந்து மாசுகளின் ஒளிவினையூக்க நீக்கம்

மருந்து மாசுகளின் ஒளிவினையூக்க நீக்கம் என்பது, கழிவுநீரில் கரைந்துள்ள மருந்து எச்சங்களை, ஒளி பட்டால் செயல்படும் வினையூக்கிகளைக் கொண்டு சிதைக்கும் நீர்ச் சுத்திகரிப்பு முறையாகும். டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற ஒரு குறைகடத்தியின் மீது போதிய ஆற்றலுள்ள ஒளி விழும்போது, அதன் பரப்பில் மிகுந்த வினைத்திறன் கொண்ட தனி உறுப்புகள் தோன்றுகின்றன. இவை மருந்து மூலக்கூறுகளைத் தாக்கிப் படிப்படியாக உடைத்து, இறுதியில் கார்பன் டை ஆக்சைடு, நீர், கனிம உப்புகள் ஆகியவையாக மாற்ற வல்லவை. உயர்நிலை ஆக்சிசனேற்ற முறைகள் எனப்படும் தொகுதியில் இதுவும் ஒன்று.

வடிகட்டுதல், கரியில் கவரச் செய்தல் முதலிய முறைகள் மாசினை நீரிலிருந்து பிரித்து வேறோரிடத்தில் சேர்க்கின்றன. ஒளிவினையூக்கமோ மாசினையே அழிக்க முயல்கிறது. இதுவே இம்முறையின் முதன்மையான சிறப்பாகக் கருதப்படுகிறது. எனினும், ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வந்தபோதிலும், நகராட்சிக் கழிவுநீர் நிலையங்களில் இம்முறை பரவலாக நடைமுறைக்கு வரவில்லை.

பின்னணி

உட்கொள்ளப்படும் மருந்து முழுவதும் உடலில் சிதைந்துவிடுவதில்லை. அதன் ஒரு பகுதி மாறாமலோ, சிறிது மாறிய வடிவிலோ சிறுநீர், மலம் வழியாக வெளியேறிச் சாக்கடையை அடைகிறது. இதுதவிர மருத்துவமனைகள், கால்நடைப் பண்ணைகள், மருந்து உற்பத்தி ஆலைகள், கழிப்பறையில் கொட்டப்படும் காலாவதியான மருந்துகள் ஆகியவற்றிலிருந்தும் மருந்துப் பொருட்கள் நீரில் கலக்கின்றன.

வழக்கமான கழிவுநீர் நிலையங்கள் மருந்துகளை நீக்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. திடப்பொருட்கள், எளிதில் மக்கும் கரிமப் பொருட்கள், நைதரசன், பாசுபரசு ஆகியவற்றைக் குறைப்பதே அவற்றின் நோக்கம். நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவைச் செரிக்கச் செய்யும் உயிர்ப்பூட்டிய கசடு முறையில், வெவ்வேறு மருந்துகள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. வலி நிவாரணியான ஐபுப்ரோஃபென் பெரும்பாலும் 90 விழுக்காட்டிற்கு மேல் நீங்கிவிடுகிறது. டைக்ளோஃபீனாக் ஓரளவே நீங்குகிறது. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெப்பின் பெரும்பாலும் 10 விழுக்காட்டிற்கும் குறைவாகவே நீங்கி, ஏறத்தாழ வந்தபடியே வெளியேறுகிறது.

104 நாடுகளில் 258 ஆறுகளின் நீரைச் சோதித்து 2022 இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட இடங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கார்பமசெப்பினும், நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினும் காணப்பட்டன. தமிழ்நாட்டில் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய ஆறுகளில் கார்பமசெப்பின், டிரைக்ளோசான் முதலியவை குறித்த ஆய்வு 2011 இல் வெளிவந்தது.

தீங்குகள்

ஆறுகளில் மருந்துகளின் செறிவு பொதுவாக லிட்டருக்கு நானோகிராம் முதல் மைக்ரோகிராம் வரையிலேயே உள்ளது. ஒரு மாத்திரையில் உள்ள அளவோடு ஒப்பிட இது மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் மருந்து என்பது குறைந்த அளவிலேயே உயிரினத்தில் விளைவை உண்டாக்குமாறு உருவாக்கப்பட்ட பொருள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரி ஒன்றில், கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்டிரடையால் என்னும் செயற்கை இயக்குநீர் 2001 முதல் 2003 வரை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவில் கலக்கப்பட்டது. அங்கிருந்த சிறு மீனினம் ஒன்றின் ஆண் மீன்கள் பெண் தன்மை அடைந்து, அவ்வினம் அந்த ஏரியில் அழிவின் விளிம்பை எட்டியது. இம்முடிவுகள் 2007 இல் வெளியாயின.

உற்பத்தி ஆலைகளின் கழிவுநீரில் நிலைமை வேறு. ஐதராபாத்திற்கு அருகிலுள்ள படான்செருவில், ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், நுண்ணுயிர் எதிர்ப்பியான சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31,000 மைக்ரோகிராம் வரை இருந்ததாகச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2007 இல் தெரிவித்தனர். அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் உச்ச அளவினும் இது அதிகமாகும். இது சுத்திகரிப்பிற்கு முந்தைய நீரின் அளவன்று, பிந்தைய நீரின் அளவு என்பது குறிப்பிடத்தக்கது. அப்பகுதியின் கிணறுகளிலும் மருந்துகள் கலந்திருந்ததை 2009 இல் வெளியான ஆய்வும், ஆற்று வண்டலில் மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் மிகுந்திருந்ததை 2011 இல் வெளியான ஆய்வும் காட்டின. இத்தகைய நீரில் எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியாக்களே தப்பிப் பெருகும் என்பதால், இவ்வகை மாசு பொதுநலச் சிக்கலாகவும் பார்க்கப்படுகிறது.

செயல்படும் முறை

குறைகடத்தி ஒன்றில் எதிர்மின்னிகள் நிறைந்த இணைதிறன் பட்டையும், அதற்கு மேல் எதிர்மின்னிகள் அற்ற கடத்தும் பட்டையும் உள்ளன. இவற்றிற்கு இடையே உள்ள ஆற்றல் வேறுபாடு ஆற்றல் இடைவெளி எனப்படும். ஒளிவினையூக்கம் பின்வரும் படிகளில் நிகழ்கிறது.

1. ஆற்றல் இடைவெளிக்குச் சமமான அல்லது அதனினும் மிகுந்த ஆற்றல் கொண்ட ஒளித்துகள் குறைகடத்தியால் உட்கவரப்படுகிறது.
2. ஓர் எதிர்மின்னி கடத்தும் பட்டைக்குத் தாவுகிறது. அது விட்டுச் சென்ற இடம் நேர்மின்தன்மை கொண்ட மின்துளையாகிறது.
3. இவ்விரண்டில் பெரும்பாலானவை மீண்டும் ஒன்றுசேர்ந்து, பெற்ற ஆற்றலை வெப்பமாக இழக்கின்றன. தப்பியவை துகளின் பரப்பை அடைகின்றன.
4. பரப்பில் உள்ள மின்துளை, நீரிலிருந்தோ ஐதராக்சைடு அயனியிலிருந்தோ எதிர்மின்னியைப் பறித்து, ஐதராக்சில் தனி உறுப்பை உண்டாக்குகிறது. சில மருந்து மூலக்கூறுகளை மின்துளை நேரடியாகவும் தாக்குகிறது.
5. எதிர்மின்னியை நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் ஏற்றுக்கொண்டு, சூப்பர் ஆக்சைடு தனி உறுப்பாகிறது.

ஐந்தாம் படியில் ஆக்சிசன் இல்லையெனில் எதிர்மின்னிகள் தேங்கி, மின்துளைகளோடு மீண்டும் சேர்ந்துவிடும். ஆகவே நீரில் காற்றைச் செலுத்துவது இம்முறையில் இன்றியமையாதது.

ஐதராக்சில் தனி உறுப்பின் ஆக்சிசனேற்ற மின்னழுத்தம் ஏறத்தாழ 2.8 வோல்ட்டு ஆகும். ஓசோனுக்கு இது 2.07 வோல்ட்டு, குளோரினுக்கு 1.36 வோல்ட்டு. இத்தனி உறுப்பு எந்த மருந்தையும் தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லை. எதிர்ப்படும் கரிமப் பொருள் எதுவாயினும் அதனோடு வினைபுரிகிறது. இது இம்முறையின் வலிமையாகவும், பின்னர்க் கூறப்படுவதுபோல் குறையாகவும் அமைகிறது.

வரலாறு

அக்கிரா புஜிசிமா, கெனிச்சி ஓண்டா ஆகியோர், டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளி பாய்ச்சி நீரைப் பிரிக்க இயலும் என 1972 இல் வெளியிட்டனர். அவர்களின் நோக்கம் ஐதரசன் எரிபொருள் பெறுவதேயன்றி நீரைத் தூய்மைப்படுத்துவது அன்று. 1976 இல் கனடாவில் பாலிகுளோரினேற்ற பைபினைல்களின் சிதைவும், 1977 இல் அமெரிக்காவில் சயனைடின் ஆக்சிசனேற்றமும் டைட்டானியம் டை ஆக்சைடைக் கொண்டு செய்துகாட்டப்பட்டன. இவற்றிற்குப் பின்னரே நீர்ச் சுத்திகரிப்பில் இதன் பயன் உணரப்பட்டது.

தொடக்க ஆய்வுகள் பூச்சிக்கொல்லிகள், குளோரின் கலந்த கரைப்பான்கள், சாயங்கள் ஆகியவற்றையே மையமாகக் கொண்டிருந்தன. 1998 இல் செருமனியின் கழிவுநீர் நிலையங்களிலும், 2002 இல் அமெரிக்காவின் 139 நீரோடைகளிலும் மருந்துகள் காணப்பட்டதாக ஆய்வுகள் வெளிவந்தபின், ஒளிவினையூக்க ஆய்வாளர்களின் கவனம் மருந்துகளின் பக்கம் திரும்பியது.

வினையூக்கிகள்

ஒரு குறைகடத்தி எந்த நிற ஒளியில் இயங்கும் என்பதை அதன் ஆற்றல் இடைவெளி முடிவு செய்கிறது. 1240 என்னும் எண்ணை எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றல் இடைவெளியால் வகுத்தால், பயன்படத்தக்க மிக நீண்ட அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும்.

* டைட்டானியம் டை ஆக்சைடு: வெள்ளைப் பூச்சுகளில் நிறமியாகப் பயன்படும் பொருள். விலை குறைந்தது, நீரில் கரையாதது, ஒளியில் அரிக்கப்படாதது. இதன் அனட்டேசு வடிவின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட்டு. எனவே ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதாக் கதிரிலேயே இயங்கும். அனட்டேசு, உரூட்டைல் ஆகிய இரு வடிவங்களும் கலந்த பி-25 என்னும் வணிகத் தூள் ஆய்வுகளில் ஒப்பீட்டு அளவுகோலாகப் பயன்படுகிறது.
* துத்தநாக ஆக்சைடு: ஏறத்தாழ இதே ஆற்றல் இடைவெளி கொண்டது. ஆனால் ஒளியிலும் அமிலத்திலும் சிறிது சிறிதாகக் கரைந்து துத்தநாக அயனிகளை வெளியிடுகிறது.
* பிசுமத் வனேடேட்டு: ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 2.4 எலக்ட்ரான் வோல்ட்டு. கட்புலனாகும் ஒளியில் இயங்கும்.
* கிராபைட்டு வடிவக் கார்பன் நைட்ரைடு: உலோகம் அற்றது. ஆற்றல் இடைவெளி 2.7 எலக்ட்ரான் வோல்ட்டு. இது கட்புலனாகும் ஒளியில் நீரிலிருந்து ஐதரசன் தருவது 2009 இல் வெளியிடப்பட்டபின் பரவலாக ஆராயப்பட்டது.

நிலத்தை அடையும் சூரிய ஆற்றலில் புற ஊதாக் கதிரின் பங்கு ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு மட்டுமே. இதனாலேயே கட்புலனாகும் ஒளியில் இயங்கும் வினையூக்கிகளைத் தேடும் முயற்சி தொடர்கிறது. ஆனால் ஆற்றல் இடைவெளியைக் குறைக்கும்போது மின்துளையின் ஆக்சிசனேற்றும் வலிமையும் குறையக்கூடும். எடுத்துக்காட்டாக, கார்பன் நைட்ரைடின் மின்துளைக்கு நீரிலிருந்து நேரடியாக ஐதராக்சில் தனி உறுப்பை உண்டாக்கும் அளவு வலிமை இல்லை. அதில் சிதைவு பெரும்பாலும் சூப்பர் ஆக்சைடு முதலியவற்றின் வழியாக நடைபெறுகிறது.

இரும்பு அயனியும் ஐதரசன் பெராக்சைடும் ஒளியின் துணையோடு வினைபுரியும் ஒளி-ஃபென்டன் முறையும் இத்துறையில் சேர்த்தே பேசப்படுகிறது. இதில் வினையூக்கி நீரில் கரைந்த நிலையில் இருக்கும். ஏறத்தாழ 3 என்னும் பி.எச். மதிப்பிலேயே இது சிறப்பாக இயங்குவதால், நீரை முதலில் அமிலமாக்கிப் பின்னர் நடுநிலையாக்க வேண்டியுள்ளது.

உலைகள்

வினையூக்கியை நீரில் தூளாகக் கலக்கலாம், அல்லது கண்ணாடி, பீங்கான் முதலியவற்றின் மீது பூசலாம். தூளாகக் கலந்தால் பரப்பு மிகுந்து வினை விரைவாக நடக்கும். ஆனால் நானோமீட்டர் அளவுள்ள துகள்களைப் பின்னர் நீரிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பூச்சாக இட்டால் பிரிக்கும் வேலை இல்லை. ஆனால் மருந்து மூலக்கூறு பூச்சை வந்தடையும் வேகம் வினையின் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். நீரை நுண்துளைப் பீங்கான் சவ்வு வழியாகச் செலுத்தித் துகள்களை மீட்கும் அமைப்புகளும் உருவாக்கப்பட்டுள்ளன.

சூரிய ஒளியில் இயங்கும் உலைகளுக்கு எசுப்பானியாவின் அல்மேரியா சூரிய ஆற்றல் ஆய்வு மையம் பெயர் பெற்றது. அங்கு, நீர் ஓடும் கண்ணாடிக் குழாய்களுக்குப் பின்னால் வளைந்த அலுமினியத் தகடுகள் பொருத்தப்பட்ட ஒளிசேர்ப்பிகள் பயன்படுத்தப்படுகின்றன. இவை நேர் ஒளியை மட்டுமன்றி, வானிலிருந்து சிதறி வரும் ஒளியையும் குழாயின் எல்லாப் பக்கங்களிலும் படச்செய்கின்றன. நாலிடிக்சிக் அமிலம் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பி கலந்த ஆலைக் கழிவுநீரை முதலில் சூரிய ஒளி-ஃபென்டன் முறையாலும், பின்னர் நுண்ணுயிரிகளாலும் சுத்திகரித்த ஆய்வு 2009 இல் வெளிவந்தது.

சிதைவின் போக்கு

மருந்து மறைவதும் மாசு மறைவதும் ஒன்றல்ல. தனி உறுப்பின் முதல் தாக்குதலிலேயே மூலக்கூறு தன் பழைய வடிவை இழந்துவிடும். அப்போது மருந்தின் அளவைக் காட்டும் கருவி சுழியைக் காட்டும். ஆனால் அதன் கார்பன் அணுக்கள் இடைநிலைப் பொருட்களாக நீரிலேயே இருக்கும். அவை அனைத்தும் கார்பன் டை ஆக்சைடாக மாறும் வரையிலான செயல் கனிமமாக்கம் எனப்படும். இதற்கு, மருந்து மறைவதற்கு ஆகும் நேரத்தைப்போல் பல மடங்கு நேரம் தேவைப்படுவது வழக்கம். கனிமமாக்கத்தின் அளவை அறிய, நீரில் உள்ள மொத்தக் கரிமக் கார்பன் அளக்கப்படுகிறது.

இடைநிலைப் பொருட்களின் தன்மை மருந்துக்கு மருந்து வேறுபடும். கார்பமசெப்பின் சிதையும்போது அக்ரிடின் என்னும் பொருள் தோன்றக்கூடும். இது நச்சுத்தன்மை உடையது. எனவே இங்குப் பாதியில் நிறுத்துவது தீங்கைக் கூட்டக்கூடும். மாறாக, சிப்ரோஃப்ளாக்சசினின் ஒளிவினையூக்கச் சிதைவை ஆராய்ந்து 2010 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அதன் இடைநிலைப் பொருட்களுக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் திறன் ஏறத்தாழ இல்லை எனக் காட்டியது. மருந்து எதிர்ப்பைத் தடுப்பதே நோக்கமெனில், முழுக் கனிமமாக்கம் இல்லாமலே இங்குப் பயன் கிட்டுகிறது.

நடைமுறைச் சிக்கல்கள்

* போட்டிப் பொருட்கள்: கழிவுநீரில் மருந்து மைக்ரோகிராம் அளவிலும், பிற கரிமப் பொருட்கள் மில்லிகிராம் அளவிலும் உள்ளன. ஐதராக்சில் தனி உறுப்பு தேர்ந்தெடுத்துத் தாக்காததால், அதன் பெரும்பகுதி மருந்தை அடையுமுன்பே செலவாகிவிடுகிறது. பைகார்பனேட்டு, குளோரைடு அயனிகளும் அதனைக் கவர்ந்துகொள்கின்றன.
* ஒளி ஊடுருவாமை: நிறமும் கலங்கலும் உள்ள நீரில் ஒளி ஆழமாகச் செல்லாது. வினையூக்கித் தூளை மிகுதியாகச் சேர்த்தால் அதுவும் ஒளியை மறைக்கும்.
* மீள்சேர்க்கை: உட்கவரப்பட்ட ஒளித்துகள்களில் மிகச் சிலவே பயனுள்ள வினையாக மாறுகின்றன.
* மின்னூட்ட விலக்கம்: ஏறத்தாழ 6.3 என்னும் பி.எச். மதிப்பிற்கு மேல் பி-25 தூளின் பரப்பு எதிர்மின்னூட்டம் பெறும். நடுநிலை நீரில் டைக்ளோஃபீனாக்கும் எதிர்மின்னூட்டத்துடன் இருப்பதால், இரண்டும் ஒன்றையொன்று விலக்கும்.
* நஞ்சேறல்: பாசுபேட்டு முதலிய அயனிகளும் கரிமப் பொருட்களும் பரப்பில் படிந்து வினையூக்கியின் திறனைக் குறைக்கின்றன.

பிற முறைகளுடன் ஒப்பீடு

இத்தகைய முறைகளை ஒப்பிட, ஒரு கன மீட்டர் (1000 லிட்டர்) நீரில் மாசின் அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கத் தேவையான மின்னாற்றல் கணக்கிடப்படுகிறது. பல்வேறு ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி, ஓசோன் முறைக்கும், புற ஊதாக் கதிரோடு ஐதரசன் பெராக்சைடைச் சேர்க்கும் முறைக்கும் ஒரு கிலோவாட் மணிக்கும் குறைவான ஆற்றலே இடைநிலை அளவாகும். ஒளி-ஃபென்டன் முறை 1 முதல் 100 கிலோவாட் மணி வரையிலான பிரிவில் இடம்பெற்றது. புற ஊதா விளக்குகளால் இயங்கும் ஒளிவினையூக்கத்திற்கு 100 கிலோவாட் மணிக்கு மேல் தேவைப்பட்டது. வீட்டு மின் கட்டணத்தின் மொழியில் கூறினால், ஓசோனுக்கு ஒரு யூனிட்டு கூடத் தேவைப்படாத அளவு நீருக்கு இம்முறைக்கு நூறு யூனிட்டுகளுக்கு மேல் வேண்டும்.

சூரிய ஒளியைப் பயன்படுத்தினால் மின்செலவு பெரிதும் குறையும். ஆனால் இரவும் பகலும் வரும் நகரக் கழிவுநீருக்குப் பெரும் நிலப்பரப்பும், நீரைத் தேக்கிவைக்கும் தொட்டிகளும் தேவைப்படும். இக்காரணங்களால், நகராட்சி அளவில் ஓசோனும் கிளர்வூட்டிய கரியுமே நடைமுறைக்கு வந்துள்ளன. ஒளிவினையூக்கம், அளவில் சிறியதும் மருந்துச் செறிவு மிகுந்ததுமான நீருக்கே பொருந்தும் எனப் பலர் கருதுகின்றனர். மருந்து ஆலைக் கழிவுநீரைப் பொதுச் சாக்கடையில் சேருமுன் உற்பத்தி இடத்திலேயே சுத்திகரிப்பது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

ஆய்வு முடிவுகளை மதிப்பிடுதல்

புதிய வினையூக்கி ஒன்று மருந்தை 99 விழுக்காடு நீக்கியதாகக் கூறும் கட்டுரைகள் ஏராளமாக வெளிவருகின்றன. அவற்றைப் படிக்கும்போது பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று.

* மருந்து சிதைந்ததா, அல்லது வினையூக்கியின் பரப்பில் ஒட்டிக்கொண்டதா? இதை அறிய இருட்டில் செய்த சோதனை வேண்டும்.
* வினையூக்கி இல்லாமல் ஒளி மட்டும் பட்டபோது என்ன நிகழ்ந்தது? டைக்ளோஃபீனாக் ஒளியிலேயே சிதையக்கூடியது.
* சோதனை காய்ச்சிவடித்த நீரில் நடந்ததா, உண்மையான கழிவுநீரிலா?
* மருந்தின் செறிவு லிட்டருக்கு 10 மில்லிகிராமா, ஆற்றில் உள்ளதுபோல் ஒரு மைக்ரோகிராமா?
* மொத்தக் கரிமக் கார்பனும் இடைநிலைப் பொருட்களின் நச்சுத்தன்மையும் அளக்கப்பட்டனவா?
* அதே வினையூக்கி எத்தனை முறை மீண்டும் பயன்படுத்தப்பட்டது?

மெத்திலீன் நீலம் போன்ற சாயங்களில் பெற்ற முடிவுகளை மருந்துகளுக்கு அப்படியே பொருத்துவதும் தவறாகும். சாயம் தானே கட்புலனாகும் ஒளியை உட்கவர்ந்து எதிர்மின்னியை வினையூக்கிக்கு வழங்கிச் சிதையக்கூடும்.

சட்டங்களும் நெறிமுறைகளும்

சுவிட்சர்லாந்து 2016 முதல் தெரிவுசெய்யப்பட்ட கழிவுநீர் நிலையங்களில் நுண்மாசுகளை 80 விழுக்காடு நீக்குவதைக் கட்டாயமாக்கியது. இதன் செலவுக்காக ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 9 பிராங்கு வரை கட்டணம் பெறப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் திருத்தப்பட்ட நகரக் கழிவுநீர் நெறிமுறை 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, 1,50,000 மக்களுக்கு ஈடான கழிவைப் பெறும் நிலையங்கள் அனைத்தும் 2045 ஆம் ஆண்டிற்குள் நுண்மாசு நீக்கும் நான்காம் நிலைச் சுத்திகரிப்பை அமைக்க வேண்டும். அச்செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, ஒப்பனைப் பொருள் உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும் எனவும் அந்நெறிமுறை கூறுகிறது.

இந்தியாவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரில் இருக்கத்தக்க நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் அளவிற்கு உச்சவரம்பு விதிக்கும் வரைவினை நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 சனவரியில் வெளியிட்டது. 2021 ஆகத்தில் வெளியான இறுதி அறிவிக்கையில் அவ்வுச்சவரம்புகள் இடம்பெறவில்லை. நுண்ணுயிர் எதிர்ப்பி உற்பத்தியில் உண்டாகும் கழிவுநீர், திடக்கழிவு ஆகியவற்றைக் கையாள்வதற்கான வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் வெளியிட்டது. இது நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவது அன்று.

உச்சவரம்பு உள்ள இடங்களில் எந்த முறை மலிவு என்பதை ஆலைகள் தேட வேண்டியிருக்கும். உச்சவரம்பு இல்லாத இடங்களில் எந்த முறையும் கூடுதல் செலவாகவே கருதப்படும். ஆதலால் ஒளிவினையூக்கத்தின் எதிர்காலம் வினையூக்கியின் திறனை மட்டுமன்றி, இத்தகைய விதிகளையும் பொறுத்துள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

* ஒளிவினையூக்கம்
* டைட்டானியம் டை ஆக்சைடு
* கழிவுநீர்ச் சுத்திகரிப்பு
* நுண்ணுயிர் எதிர்ப்பி
* ஓசோன்